சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து... உங்கள் தட்டு என்ன சொல்கிறது?

‘சர்க்கரை இருக்கிறது’ என்று ரிப்போர்ட் வந்த அன்றைக்கே பல வீடுகளில் இரண்டு மாற்றங்கள் நடந்துவிடும். சர்க்கரை டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போகும். இரவில் சோறு போய் சப்பாத்தி வரும். பக்கத்து வீட்டு அக்கா பாகற்காய் ஜூஸ் சொல்வார். ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்து, ‘வெந்தயத்தை ஊறவெச்சு வெறும் வயித்துல குடி, போதும்’ என்பார். ஒரு மாதம் கழித்து மறுபடியும் டெஸ்ட் எடுத்தால், வெறும் வயிற்று அளவு கொஞ்சம் இறங்கியிருக்கும். சாப்பிட்ட பின் எடுத்த அளவோ 240-ல் அப்படியே நிற்கும். ‘இனிப்பைத் தொடவே இல்லையே, பிறகெப்படி?’ என்ற குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தக் குழப்பம் ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் சர்க்கரைநோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடி பேர். அதன் வாசற்படியில் நிற்பவர்கள், அதாவது ‘ப்ரீ டயாபடீஸ்’ நிலையில் இருப்பவர்கள், இன்னும் 13 கோடிக்கும் மேல்.

புதிதாக டைப் 2 சர்க்கரைநோய் என்று தெரியவந்தவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். எதைச் சாப்பிடக் கூடாது என்ற நீளமான பட்டியல் உங்களுக்கு உடனே தேவையில்லை. நீங்கள் தினமும் சாப்பிடும் சாப்பாடு, உங்கள் உடம்பில் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்வது, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் அளவு.

(இந்தக் கட்டுரையில் வரும் சர்க்கரை அளவுகள் எல்லாம் நம் ஊர் லேப் ரிப்போர்ட்டில் வரும் மில்லிகிராம்/டெசிலிட்டர் கணக்கு.)

சாப்பிட்டதும் உள்ளே என்ன நடக்கிறது?

சோறு, இட்லி, சப்பாத்தி, உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் இருப்பது மாவுச்சத்து. அது குடலில் உடைந்து குளுக்கோஸாகி ரத்தத்துக்கு வருகிறது. சர்க்கரைநோய் இல்லாதவருக்குச் சாப்பிடத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கணையம் இன்சுலினைச் சுரந்துவிடும். கல்லீரலும், ‘வெளியிலிருந்து குளுக்கோஸ் வருகிறது, நாம் அனுப்பத் தேவையில்லை’ என்று தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும்.

டைப் 2 சர்க்கரைநோயில் முதலில் அடிவாங்குவது இந்த ‘உடனடி இன்சுலின்’தான். இன்சுலின் தாமதமாக வருகிறது. வந்தாலும் தசைகள் அதற்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. கல்லீரலும் தன் பங்குக்குக் குளுக்கோஸை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் வெறும் வயிற்றில் 120, 130 என்று சாதுவாகத் தெரியும் சர்க்கரை, சாப்பிட்ட பிறகு 200-ஐத் தாண்டிவிடுகிறது.

மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையிலும் இதன் தாக்கம் தெரியும். ஹெச்பிஏ1சி 9, 10 என்று மிக அதிகமாக இருக்கும்போது அதில் பெரும்பங்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையுடையது. அது 7-ஐ நெருங்க நெருங்க, சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரையின் பங்குதான் கூடுகிறது. ‘ஃபாஸ்டிங் நார்மலா இருக்கே, ஹெச்பிஏ1சி ஏன் 7.4-ல நிக்குது?’ என்று கேட்பவர்களில் பலருக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

எந்த எண் சரியான எண்?

வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், ஹெச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்பது நோயைக் கண்டுபிடிக்கும் அளவு. நோய் வந்த பிறகு எட்ட வேண்டிய இலக்கு வேறு. அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் பொதுவான இலக்கு, சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, சாப்பிடத் தொடங்கி ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் 180-க்குள், ஹெச்பிஏ1சி 7-க்குள். இளவயதில் புதிதாக நோய் வந்தவர்களுக்குச் சாப்பிட்ட பின் 160-க்குள் இருக்கட்டும் என்று சொல்லும் டாக்டர்களும் உண்டு. தனியே வசிக்கும் 75 வயதுப் பெரியவருக்கோ, அடிக்கடி சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வருபவருக்கோ இலக்கைக் கொஞ்சம் தளர்த்திவைப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு இலக்கு தனி. ஆகவே, ‘எனக்கு எவ்வளவு இருக்கணும் டாக்டர்?’ என்று கேட்டு, அந்த எண்ணைப் ப்ரிஸ்கிரிப்ஷனிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு மணி நேரம் என்பது கை கழுவிய நேரத்திலிருந்து அல்ல, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து. காலை 8 மணிக்குச் சாப்பிட ஆரம்பித்தால், 10 மணிக்கு டெஸ்ட்.

லேபுக்குப் போகும் அன்றைக்கு மட்டும் இரண்டு இட்லியோடு எழுந்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. மாத்திரையைத் தள்ளிப்போடுபவர்களும் உண்டு. அப்படி எடுத்த ரிப்போர்ட் டாக்டரையும் ஏமாற்றும், உங்களையும் ஏமாற்றும். டாக்டர் வேறுவிதமாகச் சொல்லாதவரை, சாப்பிட்ட பின் எடுக்கும் டெஸ்ட்டுக்கு வழக்கமான சாப்பாடு, வழக்கமான மாத்திரை என்பதுதான் முறை.

வீட்டிலேயே ஒரு ஜோடி டெஸ்ட்

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் அதை வாங்கிய காசுக்கு உருப்படியாகப் பயன்படுத்த ஒரு வழி இருக்கிறது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சற்று முன் ஒரு முறை, சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை என்று ஜோடியாகப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தச் சாப்பாட்டின் மார்க். வித்தியாசம் 50 புள்ளிகளுக்குள் இருந்தால் அந்தச் சாப்பாடு உங்களுக்கு ஓரளவு ஒத்துப்போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால், அந்தத் தட்டில் ஏதோ ஒன்றை மாற்ற வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு. திங்கட்கிழமை காலை நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி, சர்க்கரை போட்ட காபி. முன்னால் 128, பின்னால் 221. வித்தியாசம் 93. புதன்கிழமை அதே நான்கு இட்லி, அதே சட்னி, ஆனால் காபியில் சர்க்கரை இல்லை. முன்னால் 126, பின்னால் 203. வெள்ளிக்கிழமை இரண்டரை இட்லி, ஒரு கிண்ணம் காய் நிறைந்த சாம்பார், ஒரு அவித்த முட்டை. முன்னால் 127, பின்னால் 172. இட்லியை விட்டுவிடாமலேயே வித்தியாசம் 45-க்கு வந்துவிட்டது. யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் பட்டியலைவிட இந்த மூன்று நாள் நோட்டு உங்களுக்கு அதிகம் சொல்லும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றினால்தான் எது வேலை செய்தது என்று தெரியும். ஸ்ட்ரிப் விலை கட்டுப்படியாகாதவர்கள் தினமும் குத்திக்கொள்ள வேண்டியதில்லை. இந்த வாரம் காலைச் சாப்பாடு, அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்த வாரம் இரவு என்று வாரத்துக்கு இரண்டு ஜோடி பார்த்தாலே ஒரு மாதத்தில் படம் தெளிவாகும்.

குத்துவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாக ஈரம் துடைத்துக்கொள்ளுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் அப்படியே குத்தினால் மீட்டர் பொய்க் கணக்கு காட்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை உடனே இறுக மூடுங்கள். தேதி முடிந்த ஸ்ட்ரிப்பைப் பயன்படுத்தாதீர்கள். நல்ல மீட்டரிலும் லேப் அளவுக்கும் அதற்கும் 15 சதவிகிதம் வரை வித்தியாசம் வரலாம். எனவே 168-க்கும் 176-க்கும் நடுவில் உட்கார்ந்து கவலைப்பட வேண்டாம்.

சோறா, சப்பாத்தியா?

ஒரு கப் சோற்றில், அதாவது ஏறக்குறைய 150 கிராம் வெந்த சோற்றில், சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நடுத்தர அளவுச் சப்பாத்தி ஒன்றில் சுமார் 20 கிராம். சோற்றை விட்டுவிட்டு மூன்று சப்பாத்தி சாப்பிட்டால் 60 கிராம். இதில் லாபம் எங்கே? சப்பாத்தியில் நார்ச்சத்து கொஞ்சம் கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் எண்ணிக்கை கூடினால் அந்த லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

கேழ்வரகு, தினை, சாமை எல்லாம் நல்ல தானியங்கள். அவற்றிலும் மாவுச்சத்துதான் அதிகம். கேழ்வரகை நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி, ஒரு பெரிய டம்ளர் குடித்தால் அது வேகமாகவே ஏறும். மென்று சாப்பிடும் உணவைவிடக் குடிக்கும் உணவு சீக்கிரம் ரத்தத்தில் கலக்கிறது. பழத்தைக் கடித்துச் சாப்பிடுவதற்கும் ஜூஸ் குடிப்பதற்கும் உள்ள வேறுபாடும் இதுதான். சோற்றை வடித்துவிட்டால் சர்க்கரை ஏறாது என்பதும் தவறு. கஞ்சியோடு கொஞ்சம் போகும், மாவுச்சத்தில் பெரும்பகுதி பருக்கையிலேயே தங்கிவிடும். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எதுவாக இருந்தாலும் மீட்டருக்கு அது சர்க்கரைதான்.

ஆகவே, ‘எது?’ என்ற கேள்வியோடு ‘எவ்வளவு?’ என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். தட்டைக் கண்ணால் நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பங்கு காய், கீரை. ஒரு பங்கு பருப்பு, சுண்டல், பயறு, முட்டை, மீன், கோழி இவற்றில் ஒன்று. மீதி ஒரு பங்கு சோறோ, சப்பாத்தியோ. உருளைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் காய்ப் பங்கில் சேராது, அவை சோற்றுப் பங்கு. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் பொரியல், பிறகு சோறு

நம் ஊரில் சோற்றைக் குவித்து, அதற்குத் துணையாகத்தான் பொரியலைத் தொட்டுக்கொள்கிறோம். இந்த வரிசையை மாற்றினாலே பலன் உண்டு. நியூயார்க்கில் உள்ள வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2015-ல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். டைப் 2 சர்க்கரைநோய் உள்ள 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். ஒரு நாள் ரொட்டியும் ஜூஸும் முதலில், 15 நிமிடம் கழித்துக் கோழியும் காய்கறியும். இன்னொரு நாள் அப்படியே தலைகீழ். காயும் கோழியும் முதலில் சாப்பிட்ட நாளில், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை சுமார் 37 சதவிகிதம் குறைவாக இருந்தது.

11 பேரை வைத்து எல்லோருக்கும் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் செலவில்லாத, ஆபத்தில்லாத வழி என்பதால் முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் ஒரு கிண்ணம் பொரியலோ, கூட்டோ, சுண்டலோ, வெள்ளரி வெங்காயப் பச்சடியோ முதலில். அதன் பிறகு குழம்புச் சோறு. பசி ஏற்கெனவே பாதி அடங்கியிருப்பதால் இரண்டாம் முறை சோறு கேட்கக் கை நீளாது. ஜோடி டெஸ்ட்டில் உங்களுக்கு எவ்வளவு குறைகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

சாப்பிட்டதும் 10 நிமிடம்

காலையில் 30 நிமிடம் வாக்கிங் போய்விட்டு நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவர்கள் நிறைய பேர். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டைப் 2 சர்க்கரைநோய் உள்ள 41 பேரிடம், தினமும் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிட நடை, ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிட நடை என்று இரண்டையும் ஒப்பிட்டார்கள். 2016-ல் வெளியான முடிவின்படி, சாப்பாட்டுக்குப் பின் நடந்தபோது சர்க்கரை ஏற்றம் சராசரியாக 12 சதவிகிதமும், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 22 சதவிகிதமும் குறைந்திருந்தது.

வேலை செய்யும் தசை, ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே இழுத்துக்கொள்ளும். அதனால் இரவு சாப்பிட்டுவிட்டு சீரியல் முன் உட்காருவதற்கு முன் தெருவில் ஒரு நடை போய் வாருங்கள். மழையென்றால் மொட்டைமாடிக்குப் பதில் ஹாலிலேயே நடக்கலாம். ஓட வேண்டியதில்லை, பேசிக்கொண்டே நடக்கும் வேகம் போதும். செருப்பில்லாமல் நடக்காதீர்கள். இதய நோயோ, காலில் புண்ணோ இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

காலைச் சாப்பாட்டில் கவனம்

விடியற்காலையில் உடம்பில் சுரக்கும் சில ஹார்மோன்கள் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும். கல்லீரலும் அந்த நேரத்தில் குளுக்கோஸை அதிகம் அனுப்பும். அதனால் பலருக்கு நாளிலேயே அதிக ஏற்றம் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருகிறது. நம் காலைச் சாப்பாடோ இட்லி, தோசை, பொங்கல், இடியாப்பம், பூரி என்று முழுக்க மாவுச்சத்து. இதில் பாதியைக் குறைத்து, பயறு தோசை, அடை, சுண்டல், முட்டை என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்தால் பத்து மணிக்கு மீட்டர் காட்டும் எண் மாறும். காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு மதியம் இரட்டிப்பாகச் சாப்பிடுவது தீர்வல்ல.

மாத்திரைக்கும் நேரம் உண்டு

மெட்ஃபார்மின் கல்லீரல் அனுப்பும் குளுக்கோஸைக் குறைக்கிறது. சாப்பாட்டோடு போட்டால் வயிற்றுப் பிரச்னை குறையும். கிளிமிப்ரைடு போன்றவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். அதைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். விரதம் இருப்பவர்களும், வேலை மும்முரத்தில் மதியச் சாப்பாட்டை மறப்பவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். வோக்ளிபோஸ் மாவுச்சத்து உடைவதைத் தாமதப்படுத்தும். சாப்பாடு தொடங்கும்போது போட்டால்தான் அதற்கு வேலை. சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் பலனில்லை. உங்கள் மாத்திரை எந்த வகை, எப்போது போட வேண்டும் என்று டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி வந்தால் மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், மீட்டர் கையில் இல்லாவிட்டாலும்கூட, உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். வோக்ளிபோஸ் போடுபவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை வேகமாக வேலை செய்யாது, கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். மாறாக, அளவு தொடர்ந்து 300-க்கு மேல் நின்று, தாகம், வாந்தி, மிகுந்த சோர்வு இருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

சமைப்பவருக்கே சர்க்கரை வந்தால்?

வீட்டில் அப்பாவுக்குச் சர்க்கரை என்றால், அம்மா அவருக்குத் தனியாகச் சமைப்பார். அம்மாவுக்கே சர்க்கரை என்றால்? எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மதியம் மூன்று மணிக்கு, மீந்த சோற்றை வீணாக்கக் கூடாதென்று சாப்பிடுவார். பொரியல் அதற்குள் தீர்ந்திருக்கும். அவருடைய மாத்திரை நேரம், நடை நேரம் எல்லாம் மற்றவர்களின் வேலைகளுக்கு நடுவில் நசுங்கிப்போகும்.

இதற்கு மருந்து குடும்பத்திடம்தான் இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் பத்தியச் சாப்பாடு என்று வைக்காமல், வீட்டில் எல்லோருக்கும் காய் கூடட்டும், சோறு குறையட்டும். பிள்ளைகளுக்கும் அது நல்லதுதான். அம்மாவின் பங்குப் பொரியலை முதலிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடிவையுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அவரைப் பாத்திரம் தேய்க்க விட்டுவிட்டு மற்றவர்கள் வாக்கிங் போகாதீர்கள். ஒரு பிள்ளை நோட்டில் எண்களை எழுதட்டும்.

தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரைப் பரிசோதனையும் மாத்திரைகளும் இலவசம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், நடக்க முடியாதவர்களுக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பணம் இல்லை என்பதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை.

ஏன் இப்போதே?

‘ஒண்ணும் வலிக்கலையே, மெதுவா பார்த்துக்கலாம்’ என்பதுதான் இந்த நோய் விரிக்கும் வலை. பிரிட்டனில் 1977-ல் தொடங்கி 20 ஆண்டுகள் நடந்த யு.கே.பி.டி.எஸ். ஆய்வு, புதிதாக டைப் 2 சர்க்கரைநோய் வந்தவர்களை வைத்தே நடத்தப்பட்டது. சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 25 சதவிகிதம் குறைந்தன. 2008-ல் வெளிவந்த தொடர் ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் இரண்டு குழுவினரின் சர்க்கரை அளவும் ஒன்றுபோல ஆகிவிட்ட பிறகும், ஆரம்பத்தில் கட்டுப்பாட்டோடு இருந்தவர்களுக்குப் பலன் தொடர்ந்தது. முதல் சில ஆண்டுகளின் கவனம் வங்கியில் போட்ட பணம்போல வட்டி தருகிறது.

ஆக, இந்த வாரமே தொடங்க மூன்று வேலைகள். உங்கள் இலக்கு எண்ணை டாக்டரிடம் கேளுங்கள். காலைச் சாப்பாட்டுக்கு ஒரு ஜோடி டெஸ்ட் எடுத்து நோட்டில் எழுதுங்கள். இரவுச் சாப்பாட்டை ஒரு கிண்ணம் காயோடு ஆரம்பித்து, 10 நிமிட நடையோடு முடியுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட்டோடு அந்த நோட்டையும் எடுத்துப்போங்கள். மாத்திரையைக் கூட்டுவதா, குறைப்பதா என்று அவர் முடிவெடுக்க அந்த நோட்டு பெரிய உதவியாக இருக்கும்.